2147483647-ஐப் பிரித்து மேய்வோம்: ஒரு பெரிய பகா எண்ணுக்கு முழு வழிகாட்டி

சி மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு 2147483647-ஐ அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குறை எண்களுக்கும் இடம் தரும் 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு அது. அதோடு ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் −2147483648 என்று குப்புற விழும். 1970 ஜனவரி 1-லிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பழைய யூனிக்ஸ் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு, இந்த எண்ணில் வந்து முட்டப்போகின்றன. நானும் இதை முதலில் ஒரு நிரல் பிழையாகத்தான் சந்தித்தேன். இது ஒரு பகா எண் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரிய பகா எண் என்றதும் கோடிக்கணக்கான இலக்கங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றை யாரும் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. இது பத்தே இலக்கம். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கடை கால்குலேட்டரும் ஒரு நோட்டும் இருந்தால் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடலாம். மீதிக்குப் பைத்தான் போதும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு யோசனை. ஓர் ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில்தானே கேட்போம்? பகா எண்ணுக்கும் அதே வழிதான். 1-ஐயும் தன்னையும் தவிர அதற்கு வகுத்திகள் கிடையாது, அதனால் அதனிடமே கேட்டால் வாயைத் திறக்காது. அதற்கு ஒன்று குறைவான எண்ணும் ஒன்று கூடுதலான எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

படி 1: பக்கத்து வீடுகளைப் பாருங்கள்

நம் எண்ணை இனி ப என்போம். ப = 2³¹ − 1. ஆகவே மேல்வீடு, ப + 1 = 2³¹. வெறும் இரண்டுகள், வேறெதுவும் இல்லை.

கீழ்வீடு கொஞ்சம் கூட்டமான வீடு. ப − 1 = 2³¹ − 2 = 2 × (2³⁰ − 1). இதில் 2³⁰ − 1 என்பதை (2¹⁵ − 1)(2¹⁵ + 1), அதாவது 32767 × 32769 என்று உடைக்கலாம். 32767 = 7 × 31 × 151. 32769 = 3 × 3 × 11 × 331. எல்லாம் சேர்த்தால்:

ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

இந்த வரியை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். கடைசிவரை தேவைப்படும்.

படி 2: மடித்துக் கூட்டப் பழகுங்கள்

மீதிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதற்கு மட்டு எண்கணிதம் என்று பெயர். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது. கடிகாரத்தில் 9 மணிக்கு மேல் 5 மணி நேரம் போனால் 2 மணி, அவ்வளவுதான். நம் கடிகாரத்தில் 12-க்குப் பதில் ப.

இவ்வளவு பெரிய எண்ணால் வகுத்து மீதி காண்பது பெரிய தொல்லை என்று தோன்றும். ஆனால் ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோமே, அது ஏன் பலிக்கிறது? 9 என்பது 10 − 1, அதனால் 9-ன் கணக்கில் 10-க்கும் 1-க்கும் வித்தியாசம் இல்லை. இங்கேயும் அதே கதை. ப-வின் கணக்கில் 2³¹-ம் 1-ம் ஒன்று. ஆகவே எந்தப் பெரிய எண்ணையும் 2147483648-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் (ப-வைத் தாண்டினால் மறுபடியும் அப்படியே) வேலை முடிந்தது.

ஒன்று செய்து பார்ப்போம். 7¹⁵ = 4747561509943. இதை 2147483648-ஆல் வகுத்தால் ஈவு 2210, மீதி 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. இதுதான் ப-வால் வகுத்தால் வரும் மீதி. கணினிக்கு இது இன்னும் சுலபம். 2³¹-ஆல் வகுப்பது என்றால் அதற்கு 31 பிட்டுகளைத் தள்ளிவைப்பதுதான், வகுத்தலே இல்லை. இந்த எண் கணினிக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை ஆனதற்கு இது முக்கியக் காரணம்.

படி 3: முரட்டு வழியில் எவ்வளவு வேலை என்று கணக்கிடுங்கள்

ப பகா எண்தானா? பள்ளியில் சொன்ன முறைப்படி அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் 46340-க்கு மேல் 46341-க்குள். அதுவரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் 400 மணி நேரம். இடையில் ஓரிடத்தில் தப்பு விட்டால் எல்லாம் போச்சு.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. சிலர் குறுக்கு வழியாக ஃபெர்மாவின் சின்னத் தேற்றத்தைப் பிடிப்பார்கள்: 2-ஐ ப − 1 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வருகிறதா, வந்தால் பகா எண் என்று. 2-ஐப் பகா அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் வரும் இந்தக் குடும்பத்து எண்களிடம் அது செல்லாது. 2³¹-க்கு மீதி 1, ப − 1-க்குள் 31 ஒரு காரணியாக இருக்கிறது. ஆக ப பகா எண்ணோ இல்லையோ மீதி 1 வந்தே தீரும். 2¹¹ − 1 = 2047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் 2047 = 23 × 89.

படி 4: ஆய்லரின் சல்லடை

1772-இல் கணிதர் லியோன்ஹார்ட் ஆய்லருக்கு வயது 65. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அந்த நிலையில்தான் 2³¹ − 1 பகா எண் என்று பெர்னூலி என்ற கணிதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினார். 4792 வகுத்தல்களை அவர் செய்யவில்லை. பெரும்பாலானவற்றை வகுக்காமலே கழித்துக் கட்டினார். அந்த வாதத்தை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வழிகாட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ப-வுக்கு க என்றொரு பகாக் காரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது க-வின் கடிகாரத்தில் 2³¹-ன் மீதி 1. அதாவது 2-ஐ அடுக்கிக்கொண்டே போனால் 31 அடியில் 1-க்குத் திரும்பிவிடுகிறது. 31-க்கு முன்பே திரும்பியிருக்குமா? அப்படியானால் அந்த நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், வழியில்லை. எனவே சுற்றின் நீளம் சரியாக 31. ஃபெர்மாவின் தேற்றப்படி எந்தச் சுற்றின் நீளமும் க − 1-ஐ வகுக்கும். க ஒற்றை எண் என்பதால் க − 1-ஐ 2-ம் வகுக்கும். ஆக க − 1 என்பது 62-ன் மடங்கு. க = 62ம + 1 வடிவில் மட்டுமே இருக்க முடியும்.

இது வேலை செய்கிறதா என்று ஒரு சின்னச் சோதனை. 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. இங்கே 58ம + 1 வடிவம் வர வேண்டும். 58 × 4 + 1 = 233, 58 × 19 + 1 = 1103, 58 × 36 + 1 = 2089. மூன்றும் சொல்லி வைத்தாற்போல் வருகின்றன. இதே 2²⁹ − 1-ஐப் பகா எண் என்று 1588 வாக்கில் இத்தாலியர் கட்டால்டி நம்பியிருந்தார். அவர் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் சரியாக நிறுவியவர். அடி சறுக்கியது அடுத்த படியில்.

சல்லடையின் இரண்டாவது கண்ணி இன்னும் நுட்பமானது. 2³² = 2 × 2³¹, ஆகவே க-வின் கடிகாரத்தில் 2³²-ன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-ன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில் 2 ஒரு முழு வர்க்கம்! 2 வர்க்கமாக இருக்க வேண்டுமானால் க-வை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது நிறுவப்பட்ட விதி. 62-ஐயும் 8-ஐயும் சேர்த்தால் 248. இரண்டு நிபந்தனைகளுக்கும் ஒத்துப்போகும் எண்கள் இரண்டே வகை: 248ம + 1, 248ம + 63.

46340 வரை இந்த வகையில் 373 எண்கள்தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் எண்பதைச் சுற்றித்தான் வரும். காரணம், 248-ஓடு பொதுக் காரணி இல்லாத மீதிகள் 120. பகா எண்கள் அவற்றில் ஏறக்குறைய சமமாகப் பரவிக் கிடக்கும். நமக்கு வேண்டியது அவற்றில் 2. 4792-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். 400 மணி நேரம் ஒரு நாள் வேலையாகச் சுருங்கிவிட்டது.

பட்டியலின் தொடக்கம்: 311, 1303, 1489, 2543, 2729. ப-வை 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் 226. 1489-ஆல் 199. வகுக்காமலும் சரிபார்க்கலாம். 311-ன் கடிகாரத்தில் 2⁸ = 256, அதாவது −55. அதன் வர்க்கம் 3025, மீதி 226, இது 2¹⁶. அதன் வர்க்கம் 51076, மீதி 72, இது 2³². பாதியாக்கினால் 2³¹-க்கு 36, ஒன்று கழித்தால் 35. சரியாக வருகிறது. மற்றதை இப்படியே நீங்கள் ஓட்டிப் பாருங்கள், ஒன்றில்கூட மீதி 0 வராது.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. இதைக் கொண்டு உருவாகும் நிறைவெண் 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128. தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளையும் கூட்டினால் தானே வரும் எண், இந்த வரிசையில் எட்டாவது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேடிக்கைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்கிற தொனியில் எழுதினார். வேடிக்கைக்காக மனிதர்கள் எவ்வளவு மெனக்கெடுவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

படி 5: மேல்வீட்டுச் சாவி, லூக்கா–லெமர் சோதனை

ஆய்லரின் முறை பத்து இலக்கத்துக்குச் சரி. இன்னும் பெரிய எண்ணுக்கு ப + 1-ஐப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் எத்துவார் லூக்கா 1876-இல் தொடங்கி, அமெரிக்கர் டி. எச். லெமர் பிற்பாடு செம்மைப்படுத்திய சோதனை இது. செய்முறை சிரிப்பு வரும் அளவுக்கு எளிது: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து மீதி காணுங்கள். 2-ன் அடுக்கு எதுவோ அதைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. இடையில் எதுவும் இல்லை.

முதலில் 2⁷ − 1 = 127-இல் பழகுவோம். ஐந்து தடவை செய்ய வேண்டும். 4, 14, அப்புறம் 194-ன் மீதி 67. 67² − 2 = 4487, மீதி 42. 42² − 2 = 1762, மீதி 111. 111² − 2 = 12319 = 127 × 97, மீதி 0. தேறிவிட்டது.

இப்போது ப. 29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954 வரை மீதியே காண வேண்டாம், எல்லாம் ப-வுக்குள் அடங்கும். அடுத்தது 669670838, அதற்கடுத்து 1937259419. இங்கிருந்து எண்கள் தலைகால் புரியாமல் குதிக்கும். படி 2-இல் பழகிய மடிப்பைக் கொண்டு பைத்தானில் ஓடவிட்டால் 26-ஆம் தடவை 211987665, 27-ஆம் தடவை 1181536708, 28-ஆம் தடவை 65536, பிறகு 0.

அந்த 65536-ஐக் கவனித்தீர்களா? இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே திடீரென்று 2¹⁶. தற்செயல் இல்லை. கடைசி வரி 0 ஆக வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக வேண்டும். ப-வின் உலகில் 2-க்கு வர்க்கமூலங்கள் இரண்டே: 65536, அதன் எதிர்ப்பக்கமான 2147418111. இரண்டில் ஒன்று வந்தே ஆக வேண்டும். ஆய்லர் சல்லடைக்குப் பயன்படுத்திய அதே 2¹⁶ இங்கே வேறு வாசல் வழியாக வருகிறது.

ஏன் பலிக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. இந்த வரிசைக்குப் பின்னால் 2 + √3 என்ற எண் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதன் அடுக்கு இரட்டிக்கிறது. கடைசியில் 0 வந்தால் 2 + √3-ன் சுற்று நீளம் சரியாக 2³¹, அதாவது ப + 1 என்று ஆகிறது. ப-வுக்கு வர்க்கமூலத்துக்குள் க என்றொரு காரணி இருந்தால், க-வின் உலகில் இந்த வகை எண்கள் பூஜ்யம் நீங்கலாக மொத்தமே க² − 1 தான். அது ப-வைவிடக் குறைவு. அவ்வளவு சின்ன ஊரில் அவ்வளவு நீளமான சுற்று எப்படி அடங்கும்? அடங்காது. ஆகவே காரணி இல்லை.

ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தில் 2024 அக்டோபரில் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-உம் இந்தச் சோதனையால் உறுதி செய்யப்பட்டதுதான். அதில் 41024320 இலக்கங்கள்.

படி 6: கீழ்வீட்டில் 7 செய்யும் வேலை

ப-வின் கடிகாரத்தில் 2-ன் சுற்று வெறும் 31 அடி. மற்ற எண்கள்? ப − 1-ஐ வகுக்கும் எந்த நீளமும் சாத்தியம். முழு நீளமும் ஓடி, 1-லிருந்து ப − 1 வரை ஒன்றுவிடாமல் தொட்டு வரும் எண்ணை முதன்மை மூலம் என்பார்கள். ஓர் எண் அப்படிப்பட்டதா என்று பார்க்க 214 கோடி அடி நடக்க வேண்டியதில்லை. படி 1-இல் எழுதி வைத்த வரியை எடுங்கள். 2, 3, 7, 11, 31, 151, 331 என்ற ஏழு காரணிகள் ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, அந்த அடுக்குக்கு எண்ணை உயர்த்துங்கள். ஏழிலும் 1 வராமல் இருந்தால் முதன்மை மூலம்.

2 தேறாது, 4 தேறாது. 3, 5, 6 மூன்றும் முதல் சோதனையைத் தாண்டினாலும் வேறொன்றில் விழுந்துவிடுகின்றன. முதலில் தேறுவது 7. மொத்தம் எத்தனை தேறும் என்பதும் அதே வரியிலிருந்து வருகிறது: 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 534600000. ஏறக்குறைய நாலில் ஒன்று.

7-க்கு ஒரு தொழிலும் கிடைத்தது. 7⁵ = 16807. ப − 1-இல் 5 காரணியாக இல்லாததால் 16807-உம் முழுச் சுற்று ஓடும். ஓர் எண்ணில் தொடங்கி 16807-ஆல் பெருக்கி ப-வால் மீதி காண்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் 1, 16807, 282475249, 1622650073, 984943658 என்று பார்ப்பதற்குக் குலுக்கல் சீட்டுப் போல எண்கள் வரும். படி 2-இல் மடித்துப் பார்த்த 7¹⁵ இதில் நாலாவது. 1969-இல் ஐபிஎம் கணினியில் குலுக்கல் எண்களை உருவாக்க முன்வைக்கப்பட்டு, 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்த முறை இது. சி++ நூலகத்தில் இன்றும் இருக்கிறது. நீங்கள் எழுதும் நிரல் சரியா என்று பார்க்க அவர்களே ஓர் அடையாளம் தந்தார்கள்: 1-இல் தொடங்கினால் 10000 தடவைக்குப் பிறகு 1043618065 வர வேண்டும். விளையாட்டு நிரலுக்கு இது போதும். கடவுச்சொல், பணம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்தவை எல்லாம் தெரிந்துவிடும்.

படி 7: வர்க்கமூலம், வர்க்கப்படுத்தியே

மேல்வீடு வெறும் இரண்டுகளால் ஆனதில் இன்னொரு லாபம். ப-வின் உலகில் ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் இருந்தால், அந்த எண்ணை 29 தடவை தொடர்ந்து வர்க்கப்படுத்துங்கள், மூலம் வந்து நிற்கும். மூலம் தேடப் போய் வர்க்கம் எடுப்பது விசித்திரமாகத் தோன்றும். 2-ஐ வைத்துப் பார்த்தால் நம்புவீர்கள்: 2, 4, 16, 256, 65536, மறுபடி 2. ஐந்து அடிக்கு ஒரு முறை திரும்புகிறது. 29 அடி என்றால் ஐந்து முழுச் சுற்றும் இன்னும் நாலு அடியும். நிற்பது 65536-இல்.

படி 8: வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாமா?

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணும் அப்படி அமையாது. ஆனால் ஒரு வர்க்கம், இன்னொரு வர்க்கத்தின் ஏழு மடங்கு என்றால் அமைகிறது:

43968² + 7 × 5533² = 1933185024 + 214298623 = 2147483647

127 = 8² + 7 × 3². 2¹³ − 1 = 8191 = 48² + 7 × 29². முதலில் வரும் 8, 48, 43968 மூன்றும் 8-ஆல் வகுபடுகின்றன. 7-க்கும் பெரிதாக இந்தக் குடும்பத்தில் இப்படி எழுத முடிந்த பகா எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று ஃபிரான்ஸ் லெமர்மேயர் கவனித்தார். லென்ஸ்ட்ராவும் ஸ்டீவன்ஹாகனும் 2000-இல் நிரூபணம் வெளியிட்டார்கள். நிரூபணம் கனமானது, இங்கே கட்டி இழுக்க முடியாது. சரிபார்ப்பது மட்டும் கால்குலேட்டர் வேலை.

படி 9: ஏணியின் அடுத்த படி

5 பகா எண். 2⁵ − 1 = 31 பகா எண். 2³¹ − 1 பகா எண். அப்படியானால் 2-ஐ ப அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால்? சுமார் 64 கோடியே 64 லட்சம் இலக்கங்கள் கொண்ட அந்த அசுரனும் பகா எண்ணா?

படி 4-இன் சல்லடை இங்கும் செல்லும். காரணி இருந்தால் 2 × ப × ம + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். ம = 68745 என்று போட்டால் 295257526626031 கிடைக்கும். இது அந்த அசுரனை வகுக்கிறதா என்று பார்க்க 64 கோடி இலக்கங்களை எழுத வேண்டியதில்லை. 295257526626031-ன் கடிகாரத்தில் 2-ஐ ப அடுக்குக்கு உயர்த்தினால் போதும். ப-வின் இரும எண் வடிவம் வரிசையாக 31 ஒன்றுகள் என்பதால், 1-இல் தொடங்கி "வர்க்கப்படுத்து, இரட்டிப்பாக்கு" என்று 31 தடவை. ஓட்டிப் பாருங்கள், 1-இல் வந்து நிற்கும். ஏணி இந்தப் படியோடு உடைகிறது.